இமெல்டா மச்சாள் வாங்கிய மெசின்

என் புருசன் ஜெனிஸ்ரனின் அக்கா இமெல்டாவைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் முதலில் அவளுடைய மூக்கைப் பற்றித்தான் சொல்லவேண்டும். மா மூட்டையைப் பிரித்தால் மணந்து பார்ப்பாள். மீன் வாங்கினால் செவுளைத் திறந்து மணந்து பார்ப்பாள், அதுவும் தன் தம்பி விடிய வலையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மீனை. பள்ளிமுனையில் அவளுக்கு ஒரு போறணை இருக்கிறது, பேக்கரிதான். விறகு எரித்துச் சுடும் பாண். அந்தப் பாணில் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னாலும் நீங்கள் வேறு யாரோ ஏவிவிட்ட ஆள் என்றுதான் நினைப்பாள்.

கலியாணமும் ஒருமுறை சரிவந்ததுதான். தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய ஓலைக்கு இரண்டாம் ஞாயிறே தடை வந்துவிட்டது. தடை சொன்னது வேறு யாருமில்லை, பொம்பிளையே எழும்பிச் சொன்னாள். மாப்பிள்ளை வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டாராம். அந்த மனிசன் தப்பினார் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொள்வதுண்டு.

அவளுடைய சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியபோது இவர்களுடைய குடும்பம் தலைமன்னாரில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனது. இருட்டோடு இருட்டாக வள்ளக்காரன், "இந்தியா வந்திட்டுது, இறங்குங்கோ" என்று இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். விடிந்து பார்த்தால் நாலு பக்கமும் கடல். அது வெறும் மணல்திட்டு. தாய் மயங்கிக் கிடக்க, சின்னப் பெட்டையாக இருந்த இமெல்டா மச்சாள்தான் கைக்குழந்தையான என் புருசனைத் தோளில் போட்டுக்கொண்டு, இராமேஸ்வரத்து மீனவர்கள் வந்து ஏற்றும்வரை அந்த வெயிலில் நின்றிருக்கிறாள். அன்றைக்குப் பிறகு எவர் எதைச் சொன்னாலும் அவள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அது விளங்கும். விளங்கினாலும் கோபம் வரும்தானே.

இந்த வருசம் அவளுடைய சந்தேகம் விறகில் வந்து நின்றது. விறகு ஏற்றிவரும் தில்லைநாதன் அண்ணை நிறை கூட்டுவதற்காக இரவில் விறகுக்குத் தண்ணீர் அடிக்கிறார் என்றாள். மழையில் நனைந்த விறகு என்று அவர் சொல்லிப் பார்த்தார். "உங்கட லொறியில மட்டுமோ மழை பெய்தது?" என்று கேட்டு அவரை அனுப்பிவிட்டாள். நறுவிலிக்குளத்தில் வயல் துப்புரவாக்கியவர்களிடம் உடை மரக் கட்டைகளை முழுசாக எடுப்பது, வளவில் போட்டுத் தானே துண்டு போடுவது என்று முடிவு. அதற்கு ஒரு செயின்சோ வேண்டும், எஞ்சினில் ஓடும் மரம் அறுக்கிற வாள். புதிசு வாங்கக் கட்டாது.

சிலாவத்துறையில் பைசர் நானா என்று ஒருவர் இருக்கிறார். என் புருசனின் போட் எஞ்சின் பழுதானால் அவர்தான் பார்ப்பார். கட்டாருக்குப் போன தன் தம்பியின் செயின்சோ ஒன்று விற்க இருக்கிறது என்று அவர் இவரிடம் சொல்ல, இவர் அக்காவிடம் சொன்னார். அந்த நல்ல காரியத்தைச் செய்யாமலே இருந்திருக்கலாம்.

மூன்று பேருமாக ஓட்டோவில் போனோம், மடியில் பிள்ளையோடு நான். எங்கள் மூன்றாவது. வாற ஞாயிறு ஞானஸ்நானம், இமெல்டா மச்சாள்தான் ஞானத்தாய் என்று எப்போதோ பேசி முடித்திருந்தோம். மச்சாள் மெசினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கட்டாருக்குப் போனவர் இதை ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று கேட்டாள். அங்கே வெட்ட மரம் வேண்டுமே என்றார் பைசர் நானா. மெசினைப் பதிவு செய்த துண்டைக் காட்டினார், அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவர் கயிற்றை இழுத்தார், மெசின் உடனே பிடித்தது. மச்சாள் எஞ்சினில் கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடாக் கிடக்கு. நாங்கள் வர முந்தி ஸ்ராட் பண்ணி வச்சிருக்கிறீங்கள், என்ன தம்பி? ஆறட்டும்."

ஆறும்வரை கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தாள். ஆறிய பிறகும் ஒரே இழுவையில் பிடித்தது. அவளுக்கு அது சந்தோசமில்லை, ஏமாற்றம் மாதிரித்தான் தெரிந்தது.

பைசர் நானா பொறுமைசாலி. எங்கள் முன்னாலேயே மெசினைச் சரிக்கட்டினார். காற்று வடியைக் கழற்றி மரத்தூளைத் தட்டினார். உருண்டை அரத்தால் சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் தீட்டினார். சும்மா ஓடும்போது சங்கிலி சுற்றக்கூடாது என்று சொல்லி, ஒரு திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நிறுத்திக் காட்டினார். கடைசியில் ஒரு போத்தலில் பெற்றோலும் ஒயிலும் கலந்து கையில் கொடுத்து, இதே அளவில் கலந்து பெற்றோல்தான் விடவேண்டும், வேறொன்றும் விடாதீங்கோ அக்கா என்று படித்துப் படித்துச் சொன்னார்.

அதுதான் பிழைத்தது. ஒரு ஆள் ஒன்றை இரண்டுதரம் சொன்னால் மச்சாளுக்கு அங்கே ஏதோ இருக்கிறது.

மறுநாள் அவள் எங்கள் வீட்டுக்கு வந்து, பின்பக்கம் கிடந்த நீலக் கானைத் தூக்கிக்கொண்டு போனாள். அது இவருடைய போட்டுக்கு எண்ணெய் விடும் கான். எங்கள் கரையில் போட் எஞ்சினைப் பெற்றோலில் பிடிக்கவைத்து, பிறகு ஒயில் கலந்த மண்ணெண்ணெயில்தான் ஓட்டுவார்கள். போறணை மூட்டத்தானாக்கும் என்று நினைத்து நான் கேட்கவில்லை.

இரண்டு நாளில் மெசின் படுத்துவிட்டது. முதலில் கரும்புகை, பிறகு இருமல், பிறகு இழுக்க இழுக்கச் சத்தமில்லை. வளவில் கட்டை மலையாகக் கிடந்தது. கடையில் வாங்கிய விறகில் அரைவாசிப் பாண் கருகிப் போனது. அன்று பின்னேரம் எங்கள் படலையில் வந்து நின்று, றோட்டில் போற வாற சனமெல்லாம் கேட்கத் தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

"நீயும் அவனும் சேர்ந்து என்ர தலையில கட்டிப்போட்டீங்கள். என்ன தந்தவன் உனக்கு? உன்ர பிள்ளைக்கு வேற ஞானத்தாயைப் பார்."

இவருடைய முகம் செத்துப்போனது. தாய் செத்த பிறகு இந்த மனிசனுக்கு அக்காதான் தாய். "உங்கட அக்காவுக்கு விசர்" என்று நான் சொன்னேன். வேறு ஆளைப் பார்ப்போம் என்றும் சொன்னேன். இவர் எழும்பிப் போய்ப் படகுப் பக்கம் இருந்துகொண்டார். அக்கா தூக்காமல் என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை என்பது அவர் சொல்லாமலே எனக்கு விளங்கியது.

அடுத்தநாள் இவர் மெசினை ஓட்டோவில் ஏற்றினார். மச்சாளும் வந்து ஏறினாள், சமாதானத்துக்கு இல்லை. உள்ளே இருக்கிற நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசைப் போட்டுவிடுவார்களாம், பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன்.

பைசர் நானா மூடியைத் திறந்தார். மணந்தார். விரலில் தொட்டு உரசிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றினார், அது கரிக்கட்டையாக இருந்தது.

"இதுக்குள்ள மண்ணெண்ணெய் விட்டது ஆர்?"

எனக்கு நீலக் கான் கண் முன்னால் வந்தது. மச்சாளைப் பார்த்தேன். அவளும் விளங்கிக்கொண்டாள். கயிறு இழுக்கிற எஞ்சின், ஒயில் கலக்கிற எஞ்சின், போட்டுக்குப் போகிறது இதுக்கு ஏன் போகாது, பைசர் தன் கலவையை விற்கத்தான் பெற்றோல் பெற்றோல் என்கிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். தாங்கியில் பெற்றோல் மிச்சம் இருந்ததால் போட் மாதிரியே முதலில் பிடித்தும் இருக்கிறது. பட்டறையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் நானா," என்றார் என் புருசன். "போட் எஞ்சின் ஞாபகத்தில விட்டுட்டன்."

பட்டறையே சிரித்தது. பிறந்த நாளிலிருந்து எஞ்சினோடு கிடக்கிறவனுக்கு இது தெரியாதா, அடுத்தமுறை போட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடு என்று ஒருவன் நக்கலடித்தான். இவர் தலையைக் குனிந்துகொண்டு தானும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தாங்கியை வெறுமையாக்கி, காப்பரேட்டரைக் கழுவி, புதுப் பிளக் போட்டு, பெற்றோல் விட்டு இழுத்தபோது மெசின் முன்னையைவிட நன்றாகப் பிடித்தது. மச்சாள் ஒருதரமும் மணந்து பார்க்கவில்லை. ஆறட்டும் என்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது, ஊருக்கு ஏறும் கடற்பாலத்தடியில்தான் அவள் பேசினாள்.

"ஏன்டா பொய் சொன்னனீ?"

இவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பைசர் நானா தந்ததை நீங்கள் நம்பேல்ல அக்கா. பெற்றோல் செட்டில போய் வாங்கவும் நம்பேல்ல. என்ர கானைத்தானே நம்பித் தூக்கினனீங்கள்."

மச்சாள் சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் அழுது பார்த்ததில்லை. ஓட்டோக்காரன் கண்ணாடியில் பார்த்தான், றோட்டைப் பாரடா என்று அவனுக்கு அந்த அழுகையோடும் ஒரு பேச்சு விழுந்தது.

ஞாயிறு காலை நாங்கள் வெளிக்கிடும் முன்னரே அவள் எங்கள் படலையில் நின்றாள். பிள்ளையைத் தா என்று கையை நீட்டினாள், அவ்வளவுதான். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் கிடையாது. மெழுகுதிரி நல்ல மெழுகுதானா என்று என்னிடம் கேட்டாள். இதோ தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

கோயிலில் சுவாமியார் ஞானப்பெற்றோரைப் பார்த்து, "விசுவசிக்கிறீர்களா?" என்று கேட்டார். வழக்கமாக எல்லோரும் வாய்க்குள் முணுமுணுப்பார்கள். மச்சாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்க, "விசுவசிக்கிறேன்" என்றாள். மூன்றுதரமும் அப்படித்தான். சுவாமியாரைப் பார்த்துச் சொல்லவில்லை. என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற தன் தம்பியைப் பார்த்துத்தான் சொன்னாள். சிலாவத்துறைக் கதையை வைத்து அவளை ஒருநாள் வாங்கு வாங்கென்று வாங்கவேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.