ஒரே மணியில் நின்ற போன்

ரோஸ்லின் டீச்சர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர் இல்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், அதில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. புருஷன் ஜெரால்ட் மஸ்கட்டில் வெல்டர். இவர் திருவாரூரில் போன் எடுக்கிற வேலை பார்த்தார். பிள்ளைகளுக்கு ஏதும் ஆபத்து என்று சந்தேகம் வந்தால் கூப்பிடுங்கள், காசு கிடையாது என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதிப் போட்டிருந்தார்களே, அந்த நம்பர்.

அந்த ஆபீசுக்கு நான் ஆட்டோ ஓட்டினேன். போனில் பேசிப் பிள்ளையைக் காப்பாற்ற முடியுமா என்று எனக்கு அப்போதெல்லாம் இளக்காரம்தான். பாதி நேரம் விடலைப் பயல்கள் கூப்பிட்டு சினிமாப் பாட்டு கேட்பான்கள். டீச்சர் கோபப்படாமல், "வேற ஏதாச்சும் சொல்லணுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மத்தியானம். வெளியே அடைமழை, நான் ஆபீசுக்குள் ஒதுங்கி நின்றேன். போன் ஒரு மணி அடித்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு மணி. நின்றது.

"எவனோ வெளையாடுறான் டீச்சர்."

"வெளையாடுறவன் எடுக்குற வரைக்கும் விடுவான். நாம திட்டுறத கேக்கணும்ல அவனுக்கு?" டீச்சர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்தும் இதே நம்பர்தான். இது மிஸ்டு கால். நான் எங்க வீட்டுக்காரருக்குக் குடுக்குறேன்ல, அந்த மாதிரி. யாரோ நாம கூப்புடுவோம்னு காத்துக்கிட்டிருக்காங்க."

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் பக்கத்தில் பாதி வீட்டு ஆம்பிளை வெளிநாட்டில்தான். வீட்டில் இருக்கிறவள் ஒரு மணி விட்டு வைத்துவிடுவாள், அங்கேயிருந்து அவன் கூப்பிடுவான். பல வருஷப் பழக்கம். இலவச நம்பர் என்று சொன்னாலும் விரல் கேட்குமா?

டீச்சர் அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டார். பெயர் சொல்லவில்லை, ஆபீஸ் என்று சொல்லவில்லை. "மிஸ்டு கால் பாத்தேன்க்கா. இப்ப பேசலாமா, பக்கத்துல யாரும் இருக்காங்களா?" என்றார்.

கூத்தாநல்லூர் ஜன்னத் பீவி. குரல் எனக்கே கேட்டது. "ஏம்மா, கூப்புட இவ்வளவு நேரமா? நேத்துலேருந்து ஒக்காந்திருக்கேன்! எங்க ஊட்டுக்காரரே பரவால்ல போலிருக்கே!"

சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை, ஏனென்றால் அடுத்த பேச்சிலேயே அந்த அம்மா அழுதது. அடுத்த வீட்டுப் பிள்ளை சுமையா. தாய் இல்லை. அத்தா அஸார் ரியாத்தில். அத்தாவின் தங்கை, மாமி சஃபியா வீட்டில் வளர்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. முழங்கையில் கரண்டிச் சூடு. முன்னெல்லாம் அழுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்குமாம்.

"இப்ப கேக்கல. அதாம்மா பயமா இருக்கு."

மழை விடவில்லை. பெண் போலீஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனோம். டீச்சர் முதலில் ஜமாத்துப் பெரியவர் நெய்னா முகம்மது வீட்டில் இறங்கி விஷயத்தைச் சொன்னார். அவர் குடையைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டார்.

சஃபியா வாசலை மறித்து நின்றாள். "யாரு சொன்னா? அத மொதல்ல சொல்லுங்க. எங்கண்ணனுக்குப் போன் போடுறேன்."

"போடுங்க, பேசுறேன். நாங்க வந்தது பிள்ளையப் பாக்க."

தெருவே கூடிவிட்டது. பக்கத்து வாசலில் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி உச்சக் குரலில், "எவளோ ஒருத்தி போன் போட்டுக் குடுத்திருக்கா பாரு, அவ நல்லா இருப்பாளா!" என்று ஏசினாள். அந்தக் குரலை நான் போனில் கேட்டிருந்தேன். எனக்குத் தலை தானாகத் திரும்பப் பார்த்தது. டீச்சர் திரும்பவில்லை. கண்ணிமைகூட அசையவில்லை. ஒரு பார்வை போதும், ஜன்னத் பீவி அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது.

நெய்னா முகம்மது, "வழிய விடும்மா" என்றார். ஒரே சொல். சஃபியா ஒதுங்கினாள்.

சுமையா அடுப்படி மூலையில் இருந்தாள். எட்டு வயதிருக்கும், ஆறு வயது உடம்பு. போலீசைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்தாள். டீச்சர் ஈரப் புடவையோடு தரையில் உட்கார்ந்தார், பிள்ளையை விட்டுத் தள்ளி. சூட்டைக் காட்டு என்று சொல்லவில்லை. யார் செய்தது என்று கேட்கவில்லை. "நான் ரோஸ்லின். ஒன்னயப் பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். கூடத்தில் நின்றவர்கள் பொறுமையில்லாமல் முணுமுணுத்தார்கள். அவர் அசையவே இல்லை. நான் கதவோரம் நின்று பார்த்தேன். கடைசியில் அந்தக் கை தானாக முன்னால் வந்தது. நெய்னா முகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அஸார் போனில் முதலில் கத்தினான். டீச்சர் பார்த்ததை மட்டும் சொன்னார். அவன் சத்தம் அப்படியே அடங்கிப்போனது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பிள்ளை ஆட்டோவில் கம்பியைப் பிடித்தபடி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தாள். லெட்சுமாங்குடி தாண்டும்போது கேட்டாள்.

"திரும்ப அங்கயே கொண்டாந்து விட்ருவீங்களா?"

நானாக இருந்தால், மாட்டோம் கண்ணு, ஒருக்காலும் மாட்டோம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"அத நான் மட்டும் சொல்ல முடியாதும்மா. அதுக்குன்னு பெரியவங்க நாலு பேரு குழுவா இருக்காங்க. ஒன்னயக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. நான் கூடவே இருப்பேன். இன்னிக்கு அங்க போகல. அது நிச்சயம்."

"என்னயக் கேப்பாங்களா?"

"ஒன்னயத்தான் மொதல்ல கேப்பாங்க."

கண்ணாடியில் பார்த்தேன். சுமையா கம்பியை விட்டுவிட்டு நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று இப்போதே மனசுக்குள் சொல்லிப் பார்ப்பவள் மாதிரி அவள் உதடு அசைந்துகொண்டே வந்தது.