இரண்டு சீட்டுத் தொகுதி

போன வாரம் பங்காருபேட்டை தபால் நிலையத்தில் யாரோ ஒருவருடைய பார்சலுக்கு முத்திரை வைக்க அரக்கை உருக்கினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா அத்தை, மயக்கமா?" என்றாள் மருமகள். அறுபது வருஷத்துக்கு மேலான பயம் இது என்று வரிசையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தல். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் நான் புதிதாகச் சேர்ந்த டீச்சர். அப்பாவுக்குப் பஜாரில் துணிக்கடை. வீடு, கடை, பள்ளிக்கூடம், அவ்வளவுதான் நான் அறிந்த உலகம். வாக்குச்சாவடியில் பெண்களைக் கவனிக்க ஒரு பெண் வேண்டுமென்று என்னை ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். கஞ்சி போட்ட சேலை, டிபன் கேரியரில் எலுமிச்சை சாதம், அரசாங்கமே நான்தான் என்கிற நினைப்பு. ஜீப்பிலிருந்து இறங்கும்போதே செருப்பு வார் அறுந்தது. அன்றைக்கு முழுக்க அரசாங்கம் வெறுங்காலில்தான் நடந்தது.

எங்கள் தொகுதி அப்போது விசித்திரமானது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளும் சுற்றியிருந்த கேழ்வரகுக் காட்டு ஊர்களும் சேர்ந்த ஒரே தொகுதி, ஆனால் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒன்று பொது இடம், மற்றது தாழ்த்தப்பட்டவர்களுக்கான இடம். அதனால் ஆளுக்கு இரண்டு வாக்குச்சீட்டு. முத்திரை குத்துவதெல்லாம் கிடையாது. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒன்றாக இரும்புப் பெட்டிகள், சின்னம் ஒட்டி, அரக்கு வைத்து நிற்கும். வேண்டிய பெட்டிகளில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும்.

ஊர்ப் பள்ளிக்கூடம்தான் சாவடி. மறைப்புக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, சுவரில் சாய்ந்தபடி காலையிலிருந்து ஊர்த் தலைவரான பட்டேல் நின்றார். ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து போட்டார்கள். சேரியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

மத்தியானம் ஒரு பெண் தனியாக வந்தாள். எல்லம்மா என்று பெயர். புருஷனுக்கு நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை. இரண்டு சீட்டையும் வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனவள் திரும்பவே இல்லை. வெளியே பட்டேல் இருமினார். பிறகு அவள் தலையை மட்டும் நீட்டினாள்.

"டீச்சரம்மா, ஜன்னலாண்ட அவரு கீறாரு. எந்தப் பொட்டில சீட்டு உழுதுன்னு சத்தத்த வெச்சே தெரிஞ்சுக்குவேன்னு நேத்து சேரில வந்து சொல்லிட்டுப் போனாரு."

"மாத்திப் போட்டா?"

"அத மட்டும் சொல்லல."

சாவடிக்குப் பொறுப்பாக வந்திருந்த குமாஸ்தாவைப் பார்த்தேன். "நமக்கெதுக்கும்மா, சாயங்காலம் போயிடப் போறோம்" என்று காகிதங்களில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் எழுந்து போய் ஜன்னல் கதவைப் பிடித்தேன். பட்டேலின் முகம் ஒரு சாண் தூரத்தில். "வெயில் அடிக்குதுங்க" என்றேன். அந்தப் பக்கம் வெயிலே இல்லை. அவர் சிரித்தார். மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். காகிதம் விழுந்தால் என்ன சத்தம் வந்துவிடப் போகிறது? ஆனால் அந்த அமைதியில் எனக்கே கேட்டது, இரண்டு தடவை.

எல்லம்மா திரும்பிப் போன அரைமணி நேரத்தில் சேரி மொத்தமும் வந்து நின்றது.

சாயங்காலம் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றும்போது பட்டேல் கிட்டே வந்து என் காலைப் பார்த்தார். "செருப்பில்லாம கஷ்டப்பட்டுட்டீங்க டீச்சர். முள்ளு ஜாஸ்தி இருக்கிற ஊரு." மரியாதையாகத்தான் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் எல்லம்மாவைப் பார்த்தேன். குடம், பாய், இரண்டு குழந்தைகள். கூட இன்னும் நாலைந்து குடும்பங்கள்.

"கெணத்துல முள்ள வெட்டிப் போட்டாங்க. எடுத்தோம். அப்புறம் செத்த நாயப் போட்டாங்க" என்றாள்.

"நான் அந்த ஜன்னல மூடாம இருந்திருந்தா..." என்று இழுத்தேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா டீச்சர் பேசறீங்க? சீட்டப் போட்டது நாங்க. நீங்களா போட்டீங்க?" குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, லைன் வீடுகள் பக்கமாக நடந்தாள். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த தேர்தலுக்குள் இரண்டு உறுப்பினர் முறையை எடுத்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெட்டி, மறைப்புக்குப் பின்னால் ரப்பர் முத்திரை. எந்தச் சத்தத்தையும் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அதே ஊருக்கு என்னை மறுபடி அனுப்பினார்கள். பட்டேல் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

பட்டியலில் சேரிப் பெயர்கள் அப்படியே அச்சாகியிருந்தன. எல்லம்மா, அவள் புருஷன், பக்கத்து வீட்டுக்காரர்கள், வரிசையாக வீட்டு எண்களோடு. பொழுது சாயும்வரை அதில் ஒருவரும் வரவில்லை. வேறு ஊரிலிருந்து வந்திருந்த அதிகாரி கேட்டார், "இந்தப் பக்கம் முழுக்க டிக்கே இல்லையே. இவங்க வீடெல்லாம் எங்கம்மா இருக்கு?"

வாசலுக்கு வந்து கையை நீட்டினேன். அங்கே புதிதாக உழுத நிலம், சேரி இருந்த மேட்டிலிருந்து பட்டேலின் களம்வரை, ஒரே சீராகக் கிடந்தது.