ஆற்றைக் கடந்தேன் என்றார் அமைச்சர்

சட்டசபையில் உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் பிரிவில் நான் சுருக்கெழுத்தராக இருந்தேன். பெங்களூரில், கப்பன் பூங்காவை ஒட்டிப் புதிதாக எழுந்திருந்த கல் மாளிகையில் எங்கள் அறை. வெளியே நின்று தூண்களை அண்ணாந்து பார்க்கும் ஜனங்கள், உள்ளே பெரிய பெரிய மூளைகள் வேலை செய்வதாக நம்பினார்கள். உள்ளேயே இருந்தவள் என்பதால் எனக்கு அந்த நம்பிக்கை வாய்க்கவில்லை.

பிரிவுக்குத் தலைவர் ஓர் உதவிச் செயலாளர். மகாராஜா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம், ஒக்கலிபுரத்தில் சொந்த வீடு. போக்குவரத்துக் கேள்விகளுக்கெல்லாம் பதில் அவர் வாயிலிருந்துதான் பிறக்கும். அமைச்சர் அதைப் படிப்பார். சில சமயம் சரியாகவும் படிப்பார்.

"பதில் சொல்லணும்மா. ஆனா விஷயத்தைச் சொல்லிடக் கூடாது. வித்தையே அதுலதான் இருக்கு" என்று நான் வேலையில் சேர்ந்த புதிதில் அவர் எனக்கு உபதேசம் செய்தார். ஏதோ சங்கீத நுணுக்கம் சொல்லிக்கொடுப்பவர்போல முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது மேற்குக் கடற்கரை எங்களோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த தேர்தலில் அந்தக் கரையிலிருந்து ஓர் அம்மாள் ஜெயித்து வந்தார். கருவாட்டு வியாபாரி. கணவர் மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு இந்த அம்மாள் ஊர் திரும்பி, கிடங்கு வைத்து, நாலு லாரி அளவுக்குச் சரக்கு அனுப்பும் ஆளாக வளர்ந்திருந்தார். எந்தக் கட்சியிலும் இல்லை. அவர் சபைக்குள் நுழைந்த முதல் நாளே, பக்கத்து இருக்கைக்காரர் மேல்துண்டை எடுத்து மூக்கின்மேல் வைத்துக்கொண்டார். அம்மாள் மேலிருந்து வீசியதோ மல்லிகை வாசனை. மூக்கு அதை நம்ப மறுத்தால் என்ன செய்வது?

அவருடைய முதல் கேள்வி எங்கள் பிரிவுக்குத்தான் வந்தது. அவர் தொகுதியில் ஆற்று முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. லாரிகளை ஏற்றிக் கடத்தும் இயந்திரப் படகு பழுதாகிவிட்டது. மீன் லாரிகள் கரையிலேயே நின்று சரக்கு அழுகுகிறது. படகு எப்போது ஓடும், வியாபாரிகளுக்கு அரசு என்ன உதவி செய்யும் என்று கேட்டிருந்தார். உதவிச் செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "எழுதிக்கோம்மா. படகுச் சேவை முறையாக நடைபெற்று வருகிறது. ஆகவே உதவி என்ற கேள்வியே எழவில்லை."

"சார், படகு ஓடுதான்னு யாரையாவது கேட்டோமா?"

"ஓடலைன்னு நமக்கு யாரும் ரிப்போர்ட் அனுப்பலையே."

ரிப்போர்ட் அனுப்ப வேண்டியவர் அந்த ஆற்றுக்கு அக்கரையில் இருந்தார் என்பதும், படகு இல்லாமல் அவர் தபாலே தாமதமாகத்தான் வந்துகொண்டிருந்தது என்பதும் பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அமைச்சர் அந்தப் பதிலைக் கன்னடத்தில் கம்பீரமாகப் படித்தார். அம்மாள் எழுந்து, "ஓடுகிற படகில் அமைச்சர் ஒருமுறை ஏறிக் காட்டுவாரா?" என்றார். "உறுப்பினர் மீனைவிட்டு வேறு எதையாவது கேட்டால் சபைக்கு நல்ல காற்று வரும்" என்றார் அமைச்சர். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அதில் பாதிப் பேர் மதியம் விடுதியில் வறுத்த மீனுக்கு வரிசையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அன்று பெண்கள் அறையில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீ தமிழா? அந்தப் பதிலை எழுதினது யாரும்மா?" என்று மெட்ராஸ் தமிழில் கேட்டார்.

நான் விழித்தேன். "டைப் அடிச்சது நான்தாங்க."

"உன்னைச் சொல்லலை, விடு. மெட்ராஸ் சபையில எங்க ஊர் ஆளுங்க கேள்வி கேட்டப்பவும் பொய்தான் சொன்னாங்க. ஆனா கொஞ்சம் யோசிச்சுச் சொன்னாங்க. இங்க அதுகூட இல்லை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துப்போனது. கண்டோன்மென்ட் தேவாலயத்துக்குப் பின்சந்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அந்த ஞாயிறே சாப்பிட வந்தார். அம்மா வைத்த குழம்பில் புளி அதிகம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் படகைக் கேட்டார். கடைசியில் சலித்துப்போன அமைச்சர், "நானே நேரில் வந்து பார்க்கிறேன், போதுமா?" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டார். மழை நின்றதும் போகலாம் என்று உதவிச் செயலாளர் தள்ளிப்போடப் பார்த்தார். அம்மாள் தினமும் அறை வாசலில் வந்து நின்று, நல்ல மழையிலேயே அவர்களைக் கிளப்பிவிட்டார். குறிப்பெடுக்க என்னையும் அழைத்துப் போனார்கள்.

ஆற்றங்கரையில் கார்கள் நின்றன. எங்களுக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. அந்த நாற்றத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அமைச்சரின் முகமே அதற்குப் போதுமான குறிப்பு. முறையாக நடைபெற்று வந்த சேவை கரைமேல் சாய்ந்து கிடந்தது. இயந்திரத்தைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். படகுக்குள் கோழிகள் ஒதுங்கியிருந்தன.

அமைச்சருக்கு மதியச் சாப்பாடு அக்கரையில். அதனால் கடந்தே ஆக வேண்டும். இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை விரித்த ஜங்கல் ஒன்றுதான் இருந்தது. அதில் ஏறினோம். நடு ஆற்றில் காற்று உதவிச் செயலாளரின் குடையைப் பறித்துக்கொண்டு போனது. அவர் ஒரு மீன் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பெருமாளே, பெருமாளே" என்று முனகினார்.

அமைச்சர் பல் கிட்ட, "இதில் லாரி எப்படியம்மா ஏறும்?" என்று கேட்டார்.

"கேள்வி கேட்கறது என் வேலை, சுவாமி. பதில் நீங்கதானே சொல்லணும்?" என்றார் அம்மாள். தோணிக்காரர்கள் துடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

அக்கரை சேர்ந்ததும் ஈரச் சட்டையோடு அமைச்சர் நன்றாகவே சாப்பிட்டார். இவ்வளவையும் நேரில் பார்த்த பிறகு மனிதர்கள் மாறிவிடுவார்கள் என்று நான் அசட்டுத்தனமாக நினைத்தேன். பெங்களூர் திரும்பியதும் உதவிச் செயலாளர் மூக்கை உறிஞ்சியபடி சொன்னார்: "எழுதிக்கோ. பாரம்பரிய முறையிலான படகுப் போக்குவரத்து மக்களுக்குப் பயன்பட்டு வருவது நேரில் கண்டறியப்பட்டது."

"சார், நீங்க அதுல இருந்தீங்களே!"

"இருந்தேன். அதனாலதாம்மா நேரில்னு போடச் சொல்றேன்."

அடுத்த கூட்டத்தில் அமைச்சர் அதைப் படித்து முடித்தார். அம்மாள் எழுந்தார். "அமைச்சர் ஆற்றைக் கடந்தாரா இல்லையா?"

"கடந்தேன்."

"எதில்?"

அமைச்சர் தாளைப் புரட்டினார். தாளில் அது இல்லை. "எப்படியோ கடந்தேன்" என்றார்.

"எங்கள் மீனும் எப்படியோதான் கடக்க வேண்டுமா?"

இந்த முறை சிரித்தது எதிர்வரிசை மட்டுமல்ல. அமைச்சரின் கட்சிக்காரர்களே குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவரைக் கவிழ்க்கக் காத்திருந்தவர்கள் அங்கேதான் அதிகம். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் 'எப்படியோ கடந்தேன்' என்ற தலைப்பு. ஒரு கேலிச்சித்திரத்தில் அமைச்சர் கூடையில் மீனாக உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் பட்ட கஷ்டம் அசைக்காத அரசாங்கத்தை அந்தக் கோட்டோவியம் அசைத்தது. மழைக்காலம் முடிவதற்குள் புது இயந்திரப் படகு வந்துவிட்டது. கரையில் ஐஸ் கிடங்கு கட்ட வியாபாரிகளுக்குக் கடனும் கொடுத்தார்கள்.

திறப்புவிழாவில் கல்வெட்டு வைத்தார்கள். அமைச்சர் பெயர், அவருக்குக் கீழே அதிகாரிகள் பெயர்கள். அம்மாளுக்கு அழைப்பு போனது, விழா முடிந்த பிறகு. உதவிச் செயலாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கடற்கரைப் பிரச்சினைகளில் அனுபவசாலி என்று உத்தரவிலேயே இருந்தது.

அடுத்த தேர்தலில் அம்மாள் தோற்றார். புதுப் படகில் லாரி ஓட்டிப் பணக்காரரான ஒருவர் அவரை எதிர்த்து நின்று ஜெயித்தார். கடன் வாங்கிய வியாபாரிகள் எல்லோரும் அந்த லாரிக்காரர் பக்கம். விடுதி அறையைக் காலி செய்ய வந்த அம்மாளுக்கு மூட்டை கட்ட நான் போயிருந்தேன். அவரைவிட எனக்குத்தான் வயிறு எரிந்தது.

"நன்றி கெட்ட ஜனங்கம்மா!" என்றேன்.

"ஏன் திட்டறே? படகு வந்தாச்சு. இன்னும் என் மூஞ்சியை எதுக்குப் பார்க்கணும்?" என்றார். பிறகு படுக்கையைச் சுருட்டிக்கொண்டே, "ஆனா அந்த லாரிக்காரன் என்கிட்ட டிரைவரா இருந்தவன். வாயைத் திறக்கவே மாட்டான். அங்க போய் என்ன பண்ணுவானோ!" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். ரயில் ஏறும்வரை அதையேதான் பேசினார்.

அவர் கவலைப்பட்டது சரிதான். புது உறுப்பினர் சபையில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மேசையைத் தட்ட வேண்டிய இடங்களில் மட்டும் தவறாமல் தட்டினார். மிகவும் பண்பானவர் என்று எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். எங்கள் பிரிவில் மத்தியானத் தூக்கம் மறுபடியும் முறையாக நடைபெறத் தொடங்கியது.