பரீதாவின் வேன் ஏன் கிளம்பவில்லை

பரீதாவைப் பற்றி எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான்: எதையும் சும்மா விடமாட்டாள். கிளமெண்டியில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நின்றுபோனால் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே படியேறிவிடுவார்கள். அவள் மட்டும் காய்கறிப் பையோடு கீழேயே நின்று, பழுது பார்க்க வந்தவரிடம் எது தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வீட்டுக்குப் போவாள். ஒரு நிக்காஹ் விருந்தில் எல்லாரும் பிரியாணியில் மூழ்கியிருந்தபோது, ஏசி ஏன் சொட்டுகிறது என்று பார்க்க நாற்காலி மேல் ஏறி நின்றவள் அவள். மகள் நஸீஹாவுக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

இப்படிப்பட்டவளை டன்லப் சாலையில் தம்பி ரவூபின் ஜவுளிக்கடைக் கல்லாவில் பல வருஷம் உட்கார வைத்திருந்தார்கள். கல்லாவில் ஏன் என்று கேட்க என்ன இருக்கிறது? மீட்டர் எவ்வளவு என்றுதான் கேட்கலாம். நாற்பதைத் தாண்டியதும் ஒருநாள் கியர் வண்டி ஓட்டும் லைசென்ஸோடு தம்பி முன்னால் வந்து நின்றாள். "லாத்தா, இதை வச்சுக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்று ரவூப் சிரித்தான். அவள் போன இடம் சிராங்கூன் சாலைப் பின்சந்தில் இருந்த சுந்தரேசனின் சமையற்கூடம். அங்கிருந்து ஜூரோங் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு போகும். அதைக் கொண்டுபோகும் பழைய டீசல் வேன் அவள் கைக்கு வந்தது.

அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த நாளிலிருந்து அவளுக்கு உலகம் பெரிதாகிவிட்டது. சாலை முழுக்கக் கேள்விகள். துறைமுகத்துப் பக்கம் போனால் பாரந்தூக்கி ஏன் அப்படிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதே அரைமணி நேர யோசனைக்கு ஆகும். இனி கல்லாவுக்குத் திரும்புவதில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மனசுக்குள் மட்டும் கெட்டியாக முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

சுந்தரேசன் அவளுக்கு நேர் எதிர். அவர் ஏன் என்று கேட்கும் ஜாதியில்லை. சாம்பார் ஏன் ருசிக்கிறது என்றால் அம்பாள் கிருபை, மழை ஏன் பெய்கிறது என்றாலும் அதே பதில். ஆயுத பூஜை வந்தால் மனிதர் பம்பரமாகச் சுழல்வார். கரண்டி, கிரைண்டர், வேன் எல்லாவற்றுக்கும் குளிப்பாட்டல், சந்தனம், குங்குமம், மாலை. இந்த வருஷமும் வேனை இழைத்து இழைத்து அலங்கரித்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து பரீதாவுக்கே சந்தோஷமாக இருந்தது.

அது முடிந்த மறு வாரம் வேன் மக்கர் பண்ணத் தொடங்கியது.

முதல் தடவை கப்பல் பட்டறை வாசலில். நிற்கும் வண்டியில் என்ஜினை ஓடவிடக் கூடாது என்று காவலாளி சொன்னதால் அணைத்தாள். சாப்பாட்டை இறக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால், 'டிக்'. அவ்வளவுதான். மறுபடி திருப்பினாலும் அதே டிக். சாப்பிட உட்கார்ந்த பையன்களில் இளமாறன் என்ற தஞ்சாவூர்க்காரன் எழுந்து வந்தான். "செகண்ட் கியர்ல போட்டு வைங்கக்கா, நாங்க தள்ளுறோம்" என்று நாலு பேரைக் கூப்பிட்டான். தள்ளியதும் வேன் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பிவிட்டது. கைதட்டல் வேறு.

ஜூரோங்கில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் லிம் பேட்டரியை மாற்றினார். இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, மறுபடி டிக். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் மாற்றினார். அவர் பட்டறையில் சாவியைத் திருப்பினால் குழந்தைபோல உடனே எழுந்துகொள்ளும். சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு ஓடிச் சூடான பிறகுதான் அதன் குணம் தெரியும். லிம் பாவம், தலையைச் சொறிந்தார். தன் முன்னால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் நோயை எந்த வைத்தியர்தான் கண்டுபிடிப்பார்?

பிறகு ஒருநாள் ஓடிச் சூடாவதற்கு முன்பே, சமையற்கூடத்து வாசலிலேயே படுத்துவிட்டது. ஆள் சேர்த்துத் தள்ளிக் கிளப்பிக்கொண்டு போவதற்குள் சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. பையன்கள் வெறும் பன்னைத் தின்றுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். சுந்தரேசனுக்கு அது பொறுக்கவில்லை. பசித்தவனைக் காக்க வைத்ததைவிடப் பெரிய பாவம் அவர் அகராதியில் கிடையாது.

"போதும் பரீதா. பூஜை போட்டு எட்டு நாள்கூட ஆகல, படுக்க ஆரம்பிச்சிடுச்சு. இது அம்பாள் குறிப்பு. வண்டியை விட்டுடுன்னு சொல்றா. நாளைக்குக் காலையில இழுவை வண்டி வரும், ஸ்கிராப்புக்குப் போகட்டும். இனிமே டெலிவரி கம்பெனி பார்த்துக்கும்."

"அப்ப நான் என்ன ஆகறதுண்ணே?"

அவர் கரண்டியோடு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று மாலையே செய்தி எப்படியோ டன்லப் சாலைக்குப் போய்விட்டது. ரவூப் போன் செய்தான். "கல்லாகிட்ட உங்க நாற்காலி அப்படியேதான் இருக்கு லாத்தா. திங்கட்கிழமையே வந்திடுங்க லா." அன்பாகத்தான் சொன்னான். பரீதாவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை அவள் சீக்கிரமே பின்சந்துக்கு வந்துவிட்டாள். டெலிவரி கம்பெனி வேன் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளும் என்பதால் அவளுக்கு வேலை ஏதும் இல்லை. விடைபெறத்தான் வந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். ஸ்கிராப்புக்குப் போகிறதென்றாலும் காரணம் தெரியாமல் போகவிட அவளுக்கு மனசில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போகாமலேயே இருக்கலாம் என்ற ஆசையும் அடியில் கிடந்தது.

தள்ளினால் ஓடுகிறது. ஆக என்ஜினில் கோளாறில்லை. பேட்டரி புதுசு, ஸ்டார்ட்டர் புதுசு. சாவியைத் திருப்பினாள். டிக். முன்னால் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரு கணம் மங்கி மறுபடி பளிச்சென்று ஆயின. இன்னும் இரண்டு மூன்று முறை திருப்பினாள். அப்போதுதான் லேசாக ஒரு வாசனை வந்தது. ரப்பர் சூடாகும் வாசனை.

மூக்கை நுழைப்பது அவளுக்குப் பழக்கம்தானே. இருக்கையைத் தூக்கினால் கீழே என்ஜின். குனிந்து மோந்து பார்த்தாள், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த ஒயர் சில்லென்று இருந்தது. ஆனால் கியர் கம்பியிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் கேபிள் கை வைக்க முடியாதபடி சுட்டது. வண்டி ஒரு அடிகூட நகரவில்லை. கியருக்கு மின்சாரத்தோடு என்ன கொடுக்கல் வாங்கல்? அது ஏன் சுட வேண்டும்?

அவள் வடை அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து யோசித்தாள். பேட்டரி மாற்றிய அன்று லிம்மைத் துளைத்துத் துளைத்துக் கேட்டிருந்தாள். அந்தப் பிடுங்கல் தாங்காமல் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பேட்டரியிலிருந்து போகும் கரண்ட் ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு என்ஜின் இரும்பு வழியாகப் பேட்டரிக்கே திரும்பி வர வேண்டும். திரும்பி வர வழியில்லை என்றால் போகவும் போகாது. பேட்டரியின் மறுமுனை வண்டி உடம்போடு சேர்ந்திருக்கிறது, என்ஜினோ கரண்டை விடாத ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே என்ஜினையும் வண்டியின் உடம்பையும் சேர்க்க ஒரு பட்டையான ஒயர் உண்டு. அதற்குப் பெயர் எர்த்.

தீபாவளிக் கூட்டத்தில் சிராங்கூன் சாலையை அடைத்துவிட்டால் ஜனம் வீட்டுக்குப் போகாமலா இருக்கும்? கிடைத்த சந்தில் இடித்துக்கொண்டு நுழையும். கரண்டும் அப்படித்தான் கியர் கேபிளுக்குள் நுழைகிறது என்று அவளுக்குத் தோன்றியது. சந்து குறுகல். கூட்டம் பெரிது. அதனால்தான் சூடு. அப்படியானால் பெரிய சாலை எங்கே அடைபட்டிருக்கிறது?

எர்த் பட்டையைத் தேடினாள். அறுந்திருக்கும், துருவேறியிருக்கும் என்று எதிர்பார்த்தாள். அது அழகாக, முறுக்காக இருந்தது. வண்டி உடம்போடு அதைச் சேர்க்கும் போல்ட் நிலாபோல மின்னியது.

அந்த மினுமினுப்பு பரீதாவுக்குத் தெரியும். பூஜைக்கு முன்தினம் சுந்தரேசன் இருக்கைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்தத் துருவோடு அம்பாள் முன்னால் நிறுத்த மாட்டேன் என்று அடம் பிடித்தார். துருப்பிடித்த போல்ட்டுகளை எல்லாம் கழற்றி, அடியில் இருந்த தகட்டைத் தேய்த்து, கனமாக வெள்ளிப் பெயிண்ட் பூசி, காய்ந்ததும் திரும்ப மாட்டினார். பெயிண்ட் டப்பாவைக் கடையில் தேர்ந்தெடுத்து வாங்கி வந்தவள் பரீதாதான். "மாப்பிள்ளை மாதிரி இருக்குண்ணே" என்று பாராட்டியதும் அவள்தான். பெயிண்ட் கரண்டை விடாது. போல்ட்டின் மரைச் சுற்று வழியாக ஏதோ கொஞ்சம் போய்வந்திருக்கிறது. ஆட்டத்திலும் சூட்டிலும் அதுவும் அடைத்துக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதே. வேனிலேயே கிடந்த ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்தாள். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை என்ஜினின் வெறும் இரும்பிலும் கவ்வவிட்டாள். நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, எட்டிச் சாவியைத் திருப்பினாள்.

வேன் உறுமிக்கொண்டு எழுந்தது. அந்தச் சத்தத்தில் சந்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. பரீதா சிரித்தாள், அடுத்த நொடியே பயந்தாள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஒயர் லூஸாக இருந்தது என்று பூசி மெழுகலாம். அப்படிச் சொன்னால், அதை லூஸாக்கியதே அம்பாள்தான் என்பார்; குறிப்பு அப்படியே நிற்கும், வண்டி போய்விடும். உள்ளதைச் சொன்னால் வண்டியைப் படுக்க வைத்தது உங்கள் பூஜைதான் என்று ஆகிவிடும். பக்தியில் கை வைத்தால் மனிதர் ஜென்மத்துக்கும் பேசமாட்டார்.

அதற்குள் சத்தம் கேட்டுச் சுந்தரேசன் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். அதே நேரம் இழுவை வண்டியும் சந்துக்குள் திரும்பியது.

"என்னம்மா, எப்படிக் கிளம்புச்சு?"

அவள் போல்ட்டைக் காட்டினாள். "எர்த்துண்ணே. இந்த இடத்துல இரும்பும் இரும்பும் ஒட்டிக்கிட்டு இருக்கணும். நடுவுல பெயிண்ட் இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். "நான் அடிச்ச பெயிண்ட்" என்றார்.

"நான் வாங்கிட்டு வந்த பெயிண்ட்."

"அப்ப அம்பாள் ஒண்ணும் சொல்லலையா?"

"அம்பாள் என்ன சொல்றான்னு உங்களுக்குத்தாண்ணே தெரியும். வேன் சொல்றது எனக்குக் கேட்டுச்சு. மேக்கப் ஜாஸ்தியாப் போச்சாம்."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு சுந்தரேசன் கரண்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவரிடம் உப்புத்தாளும் ஸ்பானரும் இருந்தன. "இழுவைக்காரருக்கு ரெண்டு வடை கட்டிக் கொடுத்து அனுப்பிடு. பாவம், வெயில்ல வந்திருக்காரு" என்றார். என்ஜினை அணைத்து, ஒயரைக் கழற்றச் சொல்லி, அவரே குனிந்து தேய்க்க ஆரம்பித்தார். பாதி தேய்த்தவர் சட்டென்று நிமிர்ந்து, "ஏன் பரீதா, பெயிண்ட் ஏன் கரண்டை விடமாட்டேங்குது?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து ஏன் என்ற சொல்லை அவள் அன்றுதான் கேட்டாள்.

மறுநாள் ஜூரோங் வாசலில் வேனை நிறுத்தினாள். இத்தனை நாளும் காவலாளி கண்ணில் படாமல் என்ஜினை ஓடவிட்டுத் திருட்டுத்தனமாகச் சாப்பாடு இறக்கியவள், அன்று யாரும் சொல்லாமல் தானே அணைத்தாள். பொட்டலங்களைக் கொடுத்து முடித்தாள். இளமாறன் கையைத் துடைத்துக்கொண்டு நாலு பேரோடு வேனுக்குப் பின்னால் வந்து நின்றான். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைப் பிடித்தாள்.

திருப்பினாள். ஒரே திருப்பில் எழுந்துகொண்டது.

"அட, தள்ள வேணாமா?" இளமாறன் ஏமாந்துபோய் ஜன்னல் பக்கம் வந்தான். "என்னக்கா பண்ணீங்க?"

பக்கத்தில் கிடந்த போனில் ரவூபின் பெயர் மின்னியது. அது அடித்து ஓய்ந்தது. பரீதா என்ஜினை மறுபடி அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். "இப்படி வா, காட்டுறேன்" என்று இருக்கையைத் தூக்கினாள்.