அப்பாவின் அறையில் ஒரு பேட்ஜ்: ஓசூர் வழியாக பெங்களூர்

2007 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஓசூரில் பிளைவுட் தொழிற்சாலை ஒன்றில் காற்றில் கலந்த வாயுக்களை அளக்கும் வேலை மதியமே முடிந்துவிட்டது. நான் சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அப்படியே பெங்களூர் போய் அப்பாவைப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். அம்மா போன பிறகு அண்ணன் அவரை ஆம்பூரிலிருந்து தன் புது பிளாட்டுக்குக் கூட்டிப் போயிருந்தான். ஆறு மாதம் ஆகியும் அப்பா அழுதுகொண்டே இருக்கிறார் என்று அண்ணி போனில் வருத்தப்பட்டார். அப்பா அங்கேயே இருப்பதா, ஆம்பூருக்குத் திரும்புவதா என்பதை அந்த வாரத்தில் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். அத்திபெலே வரை பஸ் பறந்தது. அதன்பின் மேம்பால வேலை; ஊர்ந்து ஊர்ந்து சிவாஜிநகர் சேர இரண்டரை மணி நேரம் ஆனது. வெள்ளி மாலையில் இந்த வழியாக வராதீர்கள். அங்கிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனில் அண்ணன் வீட்டுக்கு ஆட்டோ, மீட்டரில் முப்பத்திரண்டு ரூபாய்.

"சுத்திதான் போகணும் அக்கா, அந்தப் பக்கம் ஒன்வே. என்னை முறைக்காதீங்க, ரோட்டைப் பாருங்க" என்றார் டிரைவர்.

அப்பாவின் அறையை அண்ணன் ஆசையாகக் காட்டினான். சுவரிலிருந்து சுவர் வரை அலமாரி, உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, மேலே தேக்கு நிறத்தில் லேமினேட். தூறலுக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள். அம்மாவின் படம் அங்கே இல்லை. பார்த்தால் அழுகிறாரே என்று அண்ணி அதைக் கழற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டாராம்.

அலமாரியைத் திறந்த சற்று நேரத்தில் என் கண்ணும் கலங்கியது. காலையில் தொழிற்சாலையில் பலகை அழுத்தும் இடத்தில் முகர்ந்த அதே நெடி. மரத்தூளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மாதக்கணக்கில் கசியும். மூடிய அறையில் தங்கிவிடும்.

"கண்ணு எரியுதாப்பா?"

"எரியுது. சொன்னேனே."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயுந்தான். உங்க அண்ணி பாவம், உடனே காபி போட்டுக் கொடுக்கும்."

அண்ணனுக்குக் கோபம். "என் கப்போர்டுல விஷம்னு சொல்றியா? எங்க போனாலும் உனக்கு ஃபேக்டரிதான்."

பையில் ஒரு பேட்ஜ் மிச்சமிருந்தது. தொழிலாளிகள் சட்டையில் குத்திக்கொள்வது. அந்த வாயுவை மெல்ல உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; எவ்வளவு என்று பிறகு எங்கள் கூடத்தில் அளப்போம். அதை அப்பாவின் தலையணை உயரத்தில் தொங்கவிட்டு, கொசுவத்திப் புகை அளவைக் கெடுக்கும், கொளுத்த வேண்டாம் என்று சொல்லி, அறையை வழக்கம்போல் மூடினேன். அப்பாவுக்கு ஹாலில் படுக்கை போட்டோம். காலையில் அவர் ஒரு முறைகூடக் கண்ணைத் துடைக்காமல் பேப்பர் முழுவதையும் படித்தார். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அம்மாவின் படத்தை எடுத்துவந்தார். எங்கே மாட்டுவது என்று முடிவாகவில்லை. அது சோபாவில் சாய்ந்திருந்தது.

அப்பா ஊருக்கே போகிறேன் என்றார். அண்ணன் எவ்வளவோ கெஞ்சினான். ஞாயிறு மதியம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். ஆம்பூர் சுமார் மூன்று மணி நேரம். பங்காருப்பேட்டை தாண்டியதும் நான் மெதுவாகச் சொன்னேன், "ரிசல்ட் வரட்டும்பா. கப்போர்டைக் கழட்டிட்டா கண்ணு சரியாயிடும். அங்கயே இருக்கலாம்."

"சரியாயிடும்" என்றார். "அப்புறம் நான் உங்கம்மாவுக்கு அழவே இல்லன்னு தெரிஞ்சிடும்."

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு அழுகை வரல பாப்பா. ஏன்னு தெரியல. நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு ஒரு சொட்டு வரல. நீங்களா அழறேன்னு நெனச்சுக்கிட்டீங்க. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு. படத்தைக் கழட்டினப்பதான் தாங்கல."

குப்பம் ஸ்டேஷனில் டீ வாங்கித் தந்தேன்.

ரிசல்ட் வந்தது. படுக்கையறையில் இருக்கக்கூடாத அளவு. அண்ணன் மறுநாளே ஆளை வைத்து அலமாரியைப் பெயர்த்தான்; ஆசை ஆசையாகச் செய்த பொருள். இப்போது அங்கே இரும்பு பீரோ. "வாங்கப்பா, இனிமே எரியாது" என்று வாரம் தவறாமல் கூப்பிடுகிறான். அப்பா "பார்க்கலாம்" என்கிறார்.

புது வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: மரவேலை முடிந்ததும் உடனே குடியேறாதீர்கள். சில வாரங்களாவது ஜன்னலையும் அலமாரிக் கதவுகளையும் திறந்து போடுங்கள். பலகையின் வெட்டு விளிம்புகள் உள்பக்கமும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவசரத்தில் அதைத்தான் விட்டுவிடுவார்கள். பெரியவர்களும் குழந்தைகளும் தூங்கும் அறைக்கு இரும்பு பீரோ போதும். யாராவது கண் எரிகிறது என்றால், முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டு அப்புறம் ஆறுதல் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஆறு மாதம் ஆறுதல் மட்டுமே சொன்னோம். எனக்கும் போனில் அதே ஆறுதல்தான் தோன்றியது.

ரயிலில் பேசியதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது. அவனும் படிப்பான் இல்ல? எனக்கு நேர்ல சொல்ல வரல."

அண்ணா, படித்து முடித்ததும் அவருக்கு போன் செய். கண்ணைப் பற்றி எதுவும் கேட்காதே.