பத்தாவது சப்டொமைன்

யாழ்ப்பாண நகரத்துத் தெருக்களுக்கு ஓர் இணையத்தளம் செய்து தரும்படி ஊர்ச்சங்கம் ஒன்று என்னிடம் கேட்டது. என் இணையக் கணக்கில் பத்து சப்டொமைன்தான் போடலாம். அதாவது, ஒரே முகவரிக்கு முன்னால் தெருப்பெயரைச் சேர்த்தால் அந்தத் தெருவுக்கென்று தனித்தளம். ஒன்பது தெருக்களுக்குப் போட்டேன். பத்தாவதற்கு ‘சோதனை’ என்று பெயர் வைத்து, எழுத்தும் நிறமும் பார்க்கப் பாவித்தேன்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் தையற்கடை ஹனீபா நானா வந்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து இயக்கத்தால் விரட்டப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர்.

“தம்பி, எங்கடை தெரு எங்கை?”

“உங்கடை ஆக்கள் கொஞ்சப் பேர்தானே நானா. ‘ஏனையவை’ எண்ட பக்கத்திலை போட்டுவிடுறன்.”

அவர் திரையையே பார்த்தார்.

“உதென்ன, சோதனை?”

“அது சும்மா, போட்டுப் பாக்கிறதுக்கு.”

“போட்டுப் பாக்கிறதுக்கு இடம் இருக்கு, என்ன?”

கோபிக்கவில்லை. “சரி, வாறன்” என்று போய்விட்டார்.

அன்றே ‘சோதனை’யை அழித்து அவருடைய தெருப்பெயரைப் போட்டேன். ஐந்து நிமிட வேலை. பிறகு தெருவின் படமும் அதைப் பற்றி நாலு வரியும் கேட்டு அவர் கடைக்குப் போனேன். மெசினிலிருந்து நிமிராமலே, “இனி வேண்டாம் தம்பி” என்றார்.

நான் அவர்களை விட்டது இடமில்லாததால் அல்ல. தெருக்களை எண்ணும்போது அவர்கள் என் நினைவிலேயே வரவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு படம்கூட இல்லை. புதுப்பக்கம் திறந்தால் தானாக வரும் வரி மட்டும் அப்படியே நிற்கிறது:

‘உங்கள் கதையை இங்கே எழுதுங்கள்.’