சமையல்கட்டுச் சுவரில் மூன்றாவது வரி

எங்கள் வீட்டுச் சமையல்கட்டில், அடுப்புக்கு வலப்பக்கச் சுவரில், நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் நான் எழுதிய பத்து வரிகள். தாளிப்பு தெறித்துத் தெறித்து அதன் ஓரமெல்லாம் கண்ணாடி போல ஆகிவிட்டது. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் தாளில் எந்த வரியில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். முதல் வரி நெய். இரண்டாவது தேங்காய். மூன்றாவது மீன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கல்யாணமான மறு வருஷமே புருஷன் விட்டுப் போக, சென்னை பாடியில் எங்களோடு வந்து தங்கிவிட்டவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றும் சின்ன கம்பெனியில் வேலை. தலைமுடி கனமுள்ள செம்புக் கம்பியை விரல் நுனியில் பிடித்து, அறுந்துவிடாமல், தளர்ந்துவிடாமல் சுற்ற வேண்டும். அந்த வரிசையிலேயே அவள் கைதான் வேகம். சூப்பர்வைசரே புதிதாக வருகிறவர்களை அவள் பக்கத்தில் உட்காரவைப்பார். தாத்தா காலம் வரை குத்தம்பாக்கத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. கம்பெனி அடையாள அட்டை வாங்கிய முதல் பெண் அத்தை. கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

நான் உயிர்வேதியியல் முதலாண்டு படிக்கும்போது கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. அத்தை ஒரு சீட்டோடு வந்தாள். "கொயுப்பு கொஞ்சம் ஏறிக்கீதாம் பாப்பா. எண்ணெயக் கொறைக்கச் சொல்றாங்கோ. இன்னா துன்லாம், இன்னா துன்னக் கூடாதுன்னு நீயே எய்திக் குடு. நம்மூட்ல யாரு கீறா படிச்சவ?"

அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரையும் கேட்கவில்லை, புத்தகத்தைக்கூடப் பிரிக்கவில்லை. கொழுப்பு என்றால் கெடுதல், அவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. மத்தியைக் கல்லில் போட்டால் அதன் எண்ணெயே கசிந்து வருமே, அது நினைவுக்கு வந்தது. 'மத்தி, காணாங்கத்தை: எண்ணெய் உள்ள மீன், கூடாது' என்று மூன்றாவது வரியில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

அத்தைக்கு மத்தி என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை மீன்கார அம்மா தெருமுனையில் குரல் கொடுக்கும்போதே பாத்திரத்தோடு வாசலில் நிற்பவள், அன்றோடு நிறுத்திக்கொண்டாள். "இன்னாமே, எங்க மேல கோவமா?" என்று அந்த அம்மா கேட்டால், "எம்மருமவ காலேஜு. அவ எய்தி ஒட்டிக்கீறா" என்று பெருமையாகச் சொல்வாள். அந்தப் பெருமை எனக்கும் இனித்தது. ஒரு விஷயம் மட்டும் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தினமும் சாயங்காலம் கம்பெனி வாசல் வண்டியில், கறுத்துப்போன எண்ணெயில் பொரித்த வடை இரண்டும் பஜ்ஜி இரண்டும் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "உன் பேப்பர்ல வடை இல்லியே" என்றாள். அது உண்மைதான். இல்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் காலை அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு வந்து, ஜாக்கெட் கொக்கியைப் போட்டுவிடச் சொன்னாள். மறுநாளும் சொன்னாள். நான்காம் நாள் அவள் டீ டம்ளரை விரலால் பிடிக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தூக்குவதைப் பார்த்தேன். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. கையை மடக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் மடங்கவில்லை. "காத்தால மட்டும்தான் இப்டி. பத்து மணிக்கெல்லாம் செரியாப் பூடும்" என்றாள். கம்பெனியில் கம்பி அறுந்துகொண்டே இருப்பதையும், இன்னும் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பெருக்கும் வேலைக்கு மாற்றிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருப்பதையும் அப்புறம்தான் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அரசு மருத்துவமனையில் அது முடக்குவாதம் என்றார்கள். நெடுநாள் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் கொடுத்தார்கள். அதே மாதம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது.

ஹார்மோன் என்றால் ஒரு சுரப்பியில் பிறந்து, இரத்தத்தில் ஏறி, தொலைவில் போய் வேலை பார்ப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பேராசிரியை அன்று வேறொரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். இவற்றுக்குத் தனிச் சுரப்பி கிடையாது. உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்லிலும், தேவைப்பட்ட இடத்திலேயே உருவாகி, அக்கம்பக்கத்துக்கு மட்டும் சேதி சொல்லிவிட்டுச் சீக்கிரமே அழிந்துவிடும். புரோஸ்டாகிளாண்டின் அந்தக் கூட்டத்தில் ஒன்று. வீக்கம், வலி, காய்ச்சல், இரத்தம் உறைவது, மாதவிலக்கில் அடிவயிறு இழுப்பது என்று எல்லாவற்றிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. வலி மாத்திரை பலவும் இவை உருவாவதைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. இவை உருவாவது செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கும் கொழுப்பிலிருந்து. அங்கே எந்தக் கொழுப்பு அதிகம் இருக்கும் என்பதில், நாம் மாதக்கணக்கில் என்ன சாப்பிட்டோம் என்பதற்கும் பங்கு உண்டு. சில கொழுப்பிலிருந்து வீக்கத்தை மூட்டும் வகை பிறக்கும். காயம் ஆற அதுவும் வேண்டும். வேறு சில கொழுப்பிலிருந்து, மூட்டியதைத் தணிக்கும் வகை பிறக்கும். இதைச் சொல்லிவிட்டு, தணிக்கும் வகைக்கு உதவும் உணவுகளைப் பேராசிரியை கரும்பலகையில் எழுதினார். மத்தி, காணாங்கத்தை.

என் மூன்றாவது வரி அப்படியே கரும்பலகையில் இருந்தது. 'கூடாது' மட்டும் இல்லை.

இந்த முறை நானாக எதையும் முடிவு செய்யவில்லை. அடுத்த தடவை மருத்துவமனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். "மீனை நிறுத்தினதால இந்த நோய் வந்ததுன்னு சொல்ல முடியாதும்மா. மீன் சாப்பிட்டாப் போயிடும்னும் நினைக்காதே. மாத்திரைதான் முக்கியம். ஆனா மீன் நல்லது, கொஞ்சம் உதவும். அதை யார் நிறுத்தச் சொன்னது?" என்றார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் அத்தை இருந்தாள். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, வகுப்பில் கேட்டதையெல்லாம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கோட்டையிலிருந்து உத்தரவு வருகிற மாதிரி சில ஹார்மோன். தெருவிலேயே பேசி முடிக்கிற மாதிரி இவை என்றேன். அத்தை வீங்கிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ என் வெரலுக்குள்ளயே ஒரு வட்டச் செயலாளரு குந்திகினு கலாட்டா பண்றாருன்னு சொல்லு" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த நேரத்தில்தான், "மூணாவது வரி தப்பு அத்த. தெரியாம எழுதிட்டேன்" என்றேன்.

"ரெண்டு வருசமா அந்த மீன்காரம்மா கூவறப்போ காதப் பொத்திகினு குந்தியிருந்தேன்டி" என்றாள். அன்று இரவு எனக்குச் சோறு போட்டாள், என்னைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை தாளைக் கிழிக்கப் போனேன். "கிய்க்காத!" என்று பின்னாலிருந்து கத்தினாள். "தப்பா எய்துனா அடிச்சிட்டு எய்து. பேனாவக் குடு. நம்புனது நானு, நாந்தான் அடிப்பேன்." விரல் மடங்காத நேரம் அது. பேனாவை டீ டம்ளர் மாதிரியே இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்தாள். கோடு மூன்றாவது வரியில் தொடங்கி, நான்காவதில் இறங்கி, மறுபடி மூன்றாவதில் ஏறி முடிந்தது. எல்லா வரிக்கும் கீழே, அவள் சொல்லச் சொல்ல, 'வடை, பஜ்ஜி: கூடாது' என்று பதினோராவது வரியை நான் எழுதினேன்.

இப்போது நான் பூந்தமல்லியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அத்தை பெருக்கும் வேலைக்குப் போகவில்லை. நேராகச் சூப்பர்வைசரிடம் போய் நின்று, சுற்றி முடித்த காயிலைச் சோதிக்கும் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சுற்றும் வேகம் திரும்பவில்லை. மாத்திரையை ஒருநாளும் தவறவிடுவதில்லை. ஜாக்கெட் கொக்கியை அவளே போட்டுக்கொள்கிறாள். இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, மீனின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல இப்போது வெட்கமும் இல்லை.

என் பட்டச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு யாராவது வந்தால் அப்பா அதைக் காட்டுவார். அத்தை அவர்களைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய் அந்தக் கோணல் கோட்டைக் காட்டுவாள். முன்பெல்லாம் எனக்கு உடம்பு கூசும். போன ஞாயிற்றுக்கிழமை நான் வேலை முடிந்து வரத் தாமதமாகிவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது அத்தையின் போன் வந்தது. பின்னால் தாளிக்கிற சத்தம்.

"எங்க கீற பாப்பா? சீக்கிரம் வா. மூணாவது வரி கொயம்பு வெச்சிக்கீறேன், ஆறிடப் போவுது."